கயிற்றுக்குள் விளைந்தது

கணக்கெடுப்புக்கு ஆள் மூன்றாம் முறை மலையேறி வந்தபோது வுபாலெம் கோழிகளை ஒளித்துவைக்கவில்லை. முதல் முறை ஒளித்துவைத்தாள். அவள் மட்டுமா, ஊரே ஒளித்துவைத்தது. அரசாங்கத்து ஆள் ஒருவர் வீடு வீடாக நுழைந்து கூரை புல்லா தகரமா, கட்டில் உண்டா, போன ஏழு நாளில் பருப்பு எத்தனை நாள் தின்றீர்கள் என்று கேட்டால், வரி போடத்தான் வந்திருக்கிறார் என்று யாருக்குத்தான் தோன்றாது? அவள் புருஷன் தஸ்ஸெவ், "கோழி கிடையாது" என்று சொல்லி வாயை மூடுவதற்குள் உள்ளே கூடைக்கு அடியிலிருந்து சேவல் கூவிவிட்டது. வந்தவர் நல்ல மனிதர். தலை நிமிராமல், ஒன்று என்று போட்டுக்கொள்கிறேன் என்றார்.

அந்த முதல் முறை கேள்வி எல்லாம் தஸ்ஸெவுக்குத்தான். வுபாலெம் காபிக்கொட்டை வறுத்தாள், இடித்தாள், வழக்கப்படி மூன்று சுற்று ஊற்றினாள். குடும்பத்தில் யார் யார் என்று கேட்டபோது புருஷன் அவள் பக்கம் கையைக் காட்டினான். அவ்வளவுதான் அவளுக்கு அந்தக் கணக்கில் இருந்த பங்கு.

இரண்டாம் முறை கணக்கெடுக்க வந்தபோது புருஷனும் பெண்டாட்டியும் பிரிந்திருந்தார்கள். தஸ்ஸெவ் பள்ளத்துப் பக்கம் வேறொருத்தியோடு இருந்தான். வுபாலெம் மலைக்குப் பின்னால் ஒற்றை அறை போட்டுக்கொண்டு குடியேறியிருந்தாள். அவளை யாரும் தேடி வரப்போவதில்லை என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் எமெபெத் என்ற இளம்பெண், முதுகில் பையும் கையில் டேப்லெட்டுமாக, வழி கேட்டுக் கேட்டு அவள் வாசலில் வந்து நின்றாள். ஒரு குடும்பம் இரண்டாக உடைந்தால் இரண்டு துண்டையும் தேடிப் போக வேண்டும் என்பது அவர்கள் விதியாம். அதே ஆட்களை வருஷக்கணக்காகத் தொடர்ந்தால்தான் யார் மேலே ஏறினார், யார் கீழே சரிந்தார் என்று நாட்டுக்குத் தெரியுமாம்.

"எங்க போனாலும் விடமாட்டோம், அக்கா. ஒரு தடவ எங்க கணக்குல விழுந்துட்டீங்கன்னா விழுந்ததுதான்" என்றாள் எமெபெத்.

பக்கத்து வீட்டு யெஷாரெக் அப்போது அங்கே இருந்தாள். "கட்டின புருஷன்கூட இப்படித் தேடி வரலையேடி" என்று சொல்லி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வுபாலெமுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அன்று கேட்ட ஒரு கேள்வி மட்டும் அவள் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. 'இந்த வயலை யார் கவனிக்கிறார்? என்ன விதைப்பது, எப்போது அறுப்பது என்று முடிவு செய்பவர் யார்?'

வயல் அவளுடையது. பிரிவினையில் பாதி நிலம் அவள் பங்குக்கு வந்து, அவள் முகப்படம் ஒட்டிய பட்டாவே இருந்தது. ஆனால் அவள் சொல்ல வேண்டிய பதில் 'மெல்கியே'. சொன்னாள். எமெபெத் விரலால் தட்டிப் பதிந்துகொண்டாள். அப்போது வுபாலெமுக்கு யாரோ தன் வீட்டுக்குள் செருப்போடு நடப்பது போல் இருந்தது.

மெல்கியே தஸ்ஸெவின் சித்தப்பா மகன். உறவு முறிந்த பிறகும் விடாமல் 'அண்ணி, அண்ணி' என்று குழைபவன். அந்தப் பக்கத்தில் பெண் ஏர் பிடிப்பதில்லை. பிடித்தால் மழை நின்றுவிடும் என்பார்கள். எனவே நிலம் வைத்திருக்கும் தனிப்பெண் வாரத்துக்குத்தான் விட்டாக வேண்டும். விளைவதில் ஆளுக்குப் பாதி என்று மெல்கியே வாரத்துக்கு எடுத்துக்கொண்டான். அவனிடம் ஒரு மாடு, அவளிடம் ஒரு மாடு. இரண்டையும் ஜோடி சேர்த்துத் தன் நிலத்தையும் அவள் நிலத்தையும் உழுதான். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. குற்றமெல்லாம் அறுவடைக்குப் பிறகுதான்.

கதிரடிக்கும் களத்துக்குள் பெண் கால் வைக்கக் கூடாது. வைத்தால் தானியத்தின் மேல் இறங்கியிருக்கும் ஆசீர்வாதம் கலைந்துவிடும். களத்தில் ஆண்களும் வாய்விட்டு எண்ணக் கூடாது, எண்ணினால் குறையும். ஆக, என்ன விளைந்தது என்று பார்த்தவன் சொல்லமாட்டான், சொல்லக்கூடியவள் பார்த்திருக்கமாட்டாள். ஏமாற்ற நினைப்பவனுக்கு இதைவிட வசதி வேறு என்ன வேண்டும்? முதல் வருஷம் மெல்கியே அவள் பங்கு என்று மூன்று மூட்டை தெஃப் தானியம் கொண்டுவந்து இறக்கினான். அடுத்த வருஷம் இரண்டு. அப்புறம் ஒன்றரை, அப்புறம் ஒன்று. ஒவ்வொரு முறையும் போர்வையைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டு அதே பாட்டைப் பாடினான்.

"மண்ணு செத்துப்போச்சு, அண்ணி. நான் என்ன பண்ணட்டும்? என் பங்கும் ஒரு மூட்டதான்."

ஒரு மூட்டையை வைத்துக்கொண்டு வருஷம் முழுக்க இன்ஜெரா ரொட்டி சுட முடியாது. வுபாலெம் சோளம் கலந்தாள். பிறகு சோளத்தில் எப்போதாவது தெஃப் கலந்தாள். இப்போது மெல்கியே புதிதாக ஒன்று சொல்லிக்கொண்டிருந்தான். செத்த மண்ணில் தைலமரம் வைத்துவிடலாம்; நாற்றைக்கூட ஓடைக்கரையில் தயாராக வளர்த்துவிட்டான். மரம் வளர்ந்ததும் வெட்டி விற்று அவளுக்கும் ஒரு பங்கு தருவானாம். தைலமரம் இறங்கிய வயலில் அப்புறம் தெஃப் முளைக்காது என்பது ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். மரம் வைத்தவன்தான் அந்த நிலத்துக்கு எஜமான் என்பதும் தெரியும். வுபாலெமுக்கும் தெரியும். ஆனால் செத்த நிலத்தைக் கட்டிக்கொண்டு அழுது என்ன ஆகப்போகிறது? அறுவடை முடிந்து கெப்ரியேல் திருநாள் கழிந்ததும் பெரியவர்களைக் கூட்டி வைத்துச் சரி சொல்லிவிடுவதாக இருந்தாள். நிலம் கைவிட்டுப் போனால் டெப்ரே மார்க்கோஸ் பட்டணத்தில் யார் வீட்டிலாவது அடுப்படி வேலை. அதற்கும் மனதைத் தயார் செய்துகொண்டிருந்தாள். தனியாக இருக்கும்போது அழவும் செய்தாள்.

அந்த வருஷ மழைக்காலத்தில்தான் மூன்றாம் முறைக் கணக்கெடுப்புக்கு எமெபெத் வந்தாள்.

இந்த முறை கேள்வியோடு நிற்கவில்லை. கையில் ஒரு கருவியைப் பிடித்துக்கொண்டு வயலின் வரப்பைச் சுற்றி நடந்தாள். மெல்கியே பின்னாலேயே நடந்தான். பிறகு அவள் டேப்லெட்டைப் பார்த்து, வயலுக்குள் இத்தனை எட்டு, பக்கவாட்டில் இத்தனை எட்டு என்று நடந்து, ஓரிடத்தில் முளை அடித்து, நான்கு மூலைக்கும் மஞ்சள் கயிறு கட்டினாள். அந்தச் சதுரத்துக்குள் விளைவதை மட்டும் தனியாக அறுத்துத் தட்டி நிறுத்துப் பார்க்கப் போகிறாள். எந்த இடம் என்பது அவள் தேர்வு இல்லை. இயந்திரம் குருட்டாம்போக்கில் எடுத்துக் கொடுக்கும் எண்.

கயிறு விழுந்த இடத்தைப் பார்த்து மெல்கியேவின் முகம் மலர்ந்தது. சரிவில், மேல்மண் அரித்துப்போன, கல் தலைநீட்டும் இடம். வயலிலேயே மட்டமான இடம் அதுதான். எமெபெத் திரும்பத் திரும்பச் சொன்னாள்: மற்ற இடத்துக்கு என்ன செய்கிறீர்களோ அதையே கயிற்றுக்குள்ளும் செய்யுங்கள், கூடுதலாகவும் வேண்டாம், குறைவாகவும் வேண்டாம். மெல்கியே நெஞ்சில் கைவைத்துத் தலையாட்டினான்.

தலையாட்டியவன் நேராகத் தெல்லாக் கள் விற்கும் வீட்டுக்குப் போனான். அங்கே இரண்டு குவளை உள்ளே போனதும் ஞானம் பிறந்தது. கயிற்றுக்குள் விளைவதைப் பார்த்துத்தான் நிலவரி போடப் போகிறார்கள் என்று கண்டுபிடித்தான். அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். கோழியை ஒளித்த ஊர் அல்லவா? ஆனால் கோழியை ஒளிக்கலாம், வயலை எங்கே ஒளிப்பது? எனவே மெல்கியே வேறு வழி பார்த்தான். வயல் முழுக்க உரம் தூவினான். கயிற்றுக்குள் ஒரு பிடி விழவில்லை. வயல் முழுக்க இரண்டு முறை களை எடுத்தான். கயிற்றுக்குள் ஒரு புல்லைத் தொடவில்லை. செய்ததோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. ஒவ்வொரு முறையும் தெல்லா வீட்டில் உட்கார்ந்து அதைக் கதையாகச் சொன்னான். அரசாங்கத்தின் மூக்கை அறுத்த கதை. ஊர் முழுக்கச் சிரித்தது. பெரியவர் கஷே தெபெஜேகூடத் தாடிக்குள் சிரித்தார் என்று பேச்சு.

வுபாலெம் சிரிக்கவில்லை. மண் செத்துவிட்டது என்பதற்கு இனி அரசாங்கமே சாட்சி சொல்லப்போகிறது என்றுதான் அவளுக்குப் பட்டது.

மழை நின்று, வயல் பொன்னிறமானதும் எமெபெத் அரிவாளோடு வந்தாள். மெல்கியே அன்று சந்தைக்குப் போயிருந்தான். நிறுப்பதைப் பார்த்துத் தான் என்ன செய்யப்போகிறேன் என்று இளக்காரமாகச் சொல்லிவிட்டுப் போனானாம். வுபாலெமும் யெஷாரெக்கும் கூட நின்றார்கள். கயிற்றுக்குள் பார்க்கவே சகிக்கவில்லை. களைக்கும் கதிருக்கும் யார் உயரம் என்று போட்டி. எமெபெத் உதட்டைப் பிதுக்கி ஏதோ பதிந்துகொண்டு, ஒரு கதிர் விடாமல் அறுத்துக் கட்டினாள். கட்டை வுபாலெமின் முற்றத்தில் சில நாள் காயப்போட்டார்கள். பிறகு ஒரு நீலத் தார்ப்பாயை விரித்து, அதன் மேல் வைத்துக் கம்பால் தட்டினார்கள்.

யெஷாரெக் தார்ப்பாயின் ஓரத்தில் தயங்கி நின்றாள். பெண்கள் இதை மிதிக்கலாமா என்று கேட்டாள்.

வுபாலெம் ஒரு கணம் யோசித்தாள். "இது களமா? தார்ப்பாய்தானே. வாடி" என்று ஏறி உட்கார்ந்தாள்.

தன் நிலத்துத் தெஃப் தாளிலிருந்து உதிர்வதை அவள் வாழ்க்கையில் அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தாள். தூற்றி எடுத்து, பையில் போட்டு, எமெபெத் தொங்கு தராசில் மாட்டினாள். முள்ளைப் பார்த்தாள், எழுதினாள், தானியத்தை வுபாலெமிடமே திருப்பிக் கொடுத்தாள். நிறுத்து முடித்த தானியம் குடும்பத்துக்கே என்பது விதி. வுபாலெம் அதைத் தன் தகர டின்னில் கொட்டினாள். எண்ணெய் வந்த டின். அவள் மாவு அளக்கும் டின். அது விளிம்பு வரை நிரம்பியது.

அவள் டின்னைப் பார்த்தாள். பிறகு தன் அறையைத் திரும்பிப் பார்த்தாள். அந்தக் கயிற்றுச் சதுரம் கிட்டத்தட்ட அவள் அறையின் தரை அளவுதான். ஒரு அறைத் தரை, அதுவும் கல்லும் களையுமாக, உரமே காணாமல், ஒரு டின் கொடுத்திருக்கிறது. இந்த மாதிரி அறைகள் அவள் வயலில் எத்தனை கட்டலாம்?

எமெபெத்திடம் வாய்விட்டே கேட்டாள்: முழு வயலுக்கும் எவ்வளவு வரும்? பெரியவர்கள் முன்னால் வந்து ஒரு வார்த்தை சொல்வாயா?

எமெபெத்தின் முகம் வாடிவிட்டது. ஒரு வீட்டில் எழுதியதை அடுத்த வீட்டில் சொல்லமாட்டோம் என்று வாக்குக் கொடுத்துத்தான் அவர்கள் எல்லா வீட்டுக்குள்ளும் நுழைகிறார்கள். வாரம் விட்டவளுக்கும் எடுத்தவனுக்கும் நடுவில் அவள் புகுந்தால், அடுத்த முறை இந்த ஊரில் ஒரு கதவும் திறக்காது.

"நான் வர முடியாது, அக்கா. வாய் திறக்கவும் முடியாது" என்றாள். பையை மாட்டிக்கொண்டே, கீழே சுருண்டு கிடந்த மஞ்சள் கயிற்றைக் காலால் மெல்லத் தள்ளினாள். "இந்தக் கயிறு நைஞ்சுபோச்சு. இனிமே எனக்கு உதவாது. நீங்க வச்சுக்கங்க. கன்னுக்குட்டி கட்டலாம்."

கன்றுக்குட்டி எதுவும் வுபாலெமிடம் இல்லை. அது எமெபெத்துக்குத் தெரியும். அன்று காலைதான் கேட்டு எழுதியிருந்தாள்.

மெல்கியே வயலை அறுத்துக் கதிர்க்கட்டுகளைக் களத்துக்குக் கொண்டுபோனதும் வயலில் அரிதாள் மட்டும் நின்றது. அப்போது பெண்கள் சாணி பொறுக்கப் போவது வழக்கம். யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். வுபாலெமும் யெஷாரெக்கும் கூடையோடு போனார்கள். கூடைக்குள் கயிறு இருந்தது. வயலின் மேல் மூலையிலிருந்து ஒரு சதுரம் போடுவார்கள், ஒரு கொண்டைக்கடலையைக் கூடையில் போடுவார்கள், கயிற்றைப் புரட்டி அடுத்த சதுரம் போடுவார்கள். கல்மேட்டை வுபாலெம் விட்டுவிட்டாள். கரையோரம் முழுச் சதுரம் விழாத இடத்தையும் விட்டுவிட்டாள்.

"எதுக்குடி விடற? அதுவும் உன் நிலந்தானே" என்று யெஷாரெக் சண்டைக்கு வந்தாள்.

"பின்னால ஒருத்தன் குறை சொல்லக் கூடாது பாரு" என்றாள் வுபாலெம்.

கடைசிக் கடலையும் கூடையில் விழுந்தபோது இருவருக்கும் முதுகு ஒடிந்திருந்தது. அன்றிலிருந்து சில நாள் யெஷாரெக்கும் காபி குடிக்கக் கூடும் மற்றப் பெண்களும் வுபாலெமின் கொல்லையில்தான் இருந்தார்கள். தெஃப்புக்கு எங்கே போவது? போன வருஷத்துப் பதர் இருந்தது. ஒரு கடலையை எடுத்து அந்தப் பக்கம் போட்டால், ஒரு டின் பதர் இந்தப் பக்கம் மூட்டைக்குள். ஒரு மூட்டை நிறைந்தது. கட்டி நிறுத்தினார்கள். இரண்டாவது நிறைந்தது. கூடையில் கடலை குறைந்ததாகவே தெரியவில்லை. நான்காவது மூட்டையைக் கட்டும்போது பெண்களின் பேச்சு நின்றுவிட்டது. அதற்கப்புறம் டின் உரசும் சத்தம்தான். வுபாலெம் ஒவ்வொரு மூட்டையின் வாயையும் கட்டும்போது அவளுக்குக் கோபம் வரவில்லை. சோளத்தில் தெஃப்பைக் கலந்து கலந்து சுட்ட நாட்கள்தான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. கோபம் பிறகு வந்தது, நிதானமாக.

கெப்ரியேல் திருநாள் கழிந்த மறுநாள் மெல்கியே வெளுத்த போர்வையோடு வந்தான். கழுதையின் மேல் அவள் பங்கு ஒரே ஒரு மூட்டை. கஷே தெபெஜேயும் இன்னும் இரண்டு பெரியவர்களும் வந்து உட்கார்ந்தார்கள். தரையில் புல் பரப்பி, சாம்பிராணி புகைத்து, வுபாலெம் காபி வறுத்தாள். தைலமர விஷயத்தை எடுத்தவர் கஷே தெபெஜேதான். அவளும் ஒத்துக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன், இன்று பேசி முடித்துவிடலாமா என்றார்.

மூன்றாம் சுற்று ஊற்றும்போது பதில் சொல்கிறேன் என்றாள் வுபாலெம். பெரியவர் சரி என்றார். காபி ஆறுகிறவரை அவசரம் என்ன?

முதல் சுற்றை ஊற்றிக்கொண்டே அவள் பேச்சுவாக்கில் மெல்கியேவைக் கேட்டாள். "தம்பி, அந்தக் கயிறு கட்டின இடத்துல நீ ஒண்ணுமே போடலன்னு ஊர்ல பேசிக்கறாங்களே. நெசமா?"

இதற்காகத்தானே மெல்கியே பிறந்தான்! குவளையைக் கீழே வைத்துவிட்டு, பெரியவர்களைப் பார்த்து உட்கார்ந்து, முழுக் கதையையும் ஆரம்பத்திலிருந்து எடுத்துவிட்டான். கயிறு விழுந்தது வயலிலேயே மட்டமான இடம். அதற்கு ஒரு பிடி உரம் கிடையாது. ஒரு களை எடுக்கவில்லை. "வயக்காட்டு எலிகூட அதுக்குள்ள போயிருக்காது, கஷே. அவ்வளவு முள்ளு" என்றான். பெரியவர்கள் சிரித்தார்கள். வுபாலெமும் சிரித்துக்கொண்டே குவளைகளை வாங்கினாள்.

இரண்டாம் சுற்றில் அவள் தகர டின்னைக் கொண்டுவந்து புல்லின் மேல் வைத்தாள். கயிற்றுக்குள் விளைந்தது இதுதான் என்றாள். யெஷாரெக் பார்த்திருக்க, என் முற்றத்தில் தட்டியது. இதில் பாதி வாரக்காரனுடையது, அதனால் ஒரு மணி தொடவில்லை என்றும் சொன்னாள். கஷே தெபெஜே டின்னைக் கையில் எடுத்து எடை பார்த்தார். ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் உருட்டினார். அவர் ஆயுசு முழுக்கத் தெஃப் விதைத்தவர். கயிறு கட்டியிருந்த இடம் எவ்வளவு பெரியது என்று கேட்டார். நாம் உட்கார்ந்திருக்கும் இந்த அறை அளவு என்றாள். அவர் அறையை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். பிறகு மெல்கியேவைப் பார்த்தார். மெல்கியே குவளைக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்றாம் சுற்றை அவள் ஊற்றவில்லை. கொல்லைக்கு வாருங்கள் என்று கூப்பிட்டாள்.

கொல்லையில், வேலியோரமாக, மூட்டைகள் வரிசையாக நின்றன. ஆறு முழு மூட்டை, ஏழாவது ஒன்று அரைகுறையாக. அவற்றுக்குப் பக்கத்தில் ஊர்ப் பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"இது என்னம்மா?" என்றார் கஷே தெபெஜே.

"பதரு, கஷே. உள்ள இருக்கறது வெறும் பதருதான். ஆனா அளவு பொய்யில்ல." அவள் குரல் தடுமாறவே இல்லை. "அந்தக் கயித்தாலயே வயல் முழுக்க அளந்தோம். கயிறு விழுந்த எடத்துக்கெல்லாம் ஒரு டின்னு போட்டோம். கல்மேட்ட விட்டுட்டோம், கரையையும் விட்டுட்டோம். வயல் முழுக்க அந்த மட்டமான எடம் மாதிரியே, உரமில்லாம, களையெடுக்காம கெடந்திருந்தாலே இவ்வளவு வந்திருக்கும். தம்பி நல்லாப் பாடுபட்டிருக்கான். உரம் போட்டிருக்கான், ரெண்டு களை எடுத்திருக்கான். அவன் பாட்டுக்கு எவ்வளவு வெளஞ்சிருக்கும்னு நீங்களே சொல்லுங்க. எனக்கு வந்தது அதோ, கழுத மேல இருக்கு."

கழுதையும் அந்த நேரம் பார்த்துக் காதை ஆட்டியது. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி அடங்கியது.

மெல்கியே வாயைத் திறந்தான். கயிறு கட்டிய இடம் மட்டும் ஏதோ நல்ல மண் என்று ஆரம்பித்தான். முதல் குவளை முடிவதற்குள் அதை மட்டமான இடம் என்று சொன்னவன் யார் என்று இரண்டாவது பெரியவர் கேட்டார். பொம்பளைகள் அளந்த அளவு ஒரு அளவா என்று திருப்பிப் பார்த்தான். சரி, கயிறு இங்கேதான் இருக்கிறது, நீயே போய் அளந்து வா என்றார் மூன்றாவது பெரியவர். எந்தப் பக்கம் ஓடினாலும் அவன் தெல்லா வீட்டில் சொன்ன கதையே அவன் முன்னால் வந்து நின்றது.

கஷே தெபெஜே கையை உயர்த்தினார். களத்தில் எண்ணக் கூடாது என்பது நம் வழக்கம், அதை நான் மீறச் சொல்லமாட்டேன் என்றார். களத்தில் உதவிக்கு நின்ற ஆண்களைக் கூப்பிட்டு விசாரிக்கவும் மாட்டேன் என்றார். பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னார்:

"நேத்துதான் கெப்ரியேல் திருநாள். கோவில் கதவு தொறந்துதான் இருக்கு. வா, வாசல்ல நின்னு, உன் பங்கும் ஒரு மூட்டதான்னு சத்தியம் பண்ணு. நாங்க நம்பறோம்."

மெல்கியே தெல்லா வீட்டில் எதை வேண்டுமானாலும் சொல்லுவான். கெப்ரியேல் வாசலில் பொய் சத்தியம் செய்கிற துணிச்சல் அந்த மலையில் யாருக்கும் இல்லை. அவன் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டான். மீதியைக் கொண்டுவந்து போட்டுவிடுகிறேன் என்று தரையைப் பார்த்துச் சொன்னான்.

போன வருஷங்களுக்கும் சேர்த்துக் கேளடி என்று யெஷாரெக் பின்னாலிருந்து கிள்ளினாள். வுபாலெம் கேட்கவில்லை.

"தின்னது தின்னதாவே இருக்கட்டும். எனக்கு என் மாடு வேணும். இன்னிக்கே வேணும்" என்றாள்.

பொழுது சாய்வதற்குள் மாடு அவள் வாசலில் நின்றது. மெல்கியேவின் மாடு ஒற்றையாகத் தொழுவத்தில் நின்று கத்தியது. மூட்டைகள் இரண்டு நடையாக வந்து இறங்கின. அன்று வுபாலெம் சோளம் கலக்காத தெஃப்பில் இன்ஜெரா சுட்டு, கொல்லையில் நின்ற அத்தனை பெண்களுக்கும் போட்டாள். ஆளாளுக்குப் பிய்த்து அடுத்தவள் வாயில் ஊட்டிக்கொண்டார்கள். மூன்றாம் சுற்றுக் காபியும் அப்போதுதான் ஊற்றப்பட்டது. வுபாலெம் அழுதாள். சிலர் கூடச் சேர்ந்து அழுதார்கள், பிறகு யாரோ மெல்கியே மாதிரி போர்வையை இழுத்துக் காட்ட எல்லோரும் சிரித்தார்கள்.

அடுத்த மழைக்கு அவள் மாடும் யெஷாரெக் வீட்டு மாடும் ஜோடி சேர்ந்தன. ஏர் பிடித்தது யெஷாரெக்கின் புருஷன். அதற்குப் பதிலாக வுபாலெம் அவர்கள் வயலில் களை எடுத்தாள். விதை, உரம், அறுக்கும் நாள் எல்லாம் அவள் சொன்னபடி. கட்டுகளைக் களத்துக்கு அனுப்பவே இல்லை. சந்தையில் ஒரு பெரிய தார்ப்பாய் வாங்கித் தன் முற்றத்தில் விரித்தாள். பாதிரியார் ஒருநாள் வந்து தாடியைத் தடவிக்கொண்டு பார்த்தார். களத்துக்குத்தானே தடை, தார்ப்பாயைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் இல்லையே என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். ஜெபம் சொல்லி, ஒரு பிடி வாங்கிக்கொண்டு போனார். அதற்கடுத்த வருஷம் மலைக்குப் பின்னால் நாலைந்து முற்றங்களில் நீல நிறம் தெரிந்தது. ஓடைக்கரையில் மெல்கியேவின் தைல நாற்று எடுத்து நட இடமில்லாமல் பாத்தியிலேயே ஆளுயரம் வளர்ந்தது. அதில் சிலவற்றை வுபாலெம் ஆள் அனுப்பி விலைக்குக் கேட்டாள். வேலிக்குக் குச்சி வேண்டியிருந்தது.

நான்காம் முறைக் கணக்குக்கு எமெபெத் வந்தபோது சற்றுப் பருத்திருந்தாள். கல்யாணம் ஆகி ஒரு பிள்ளையும் இருக்கிறதாம். வுபாலெமின் கூரையில் தகரத்தைப் பார்த்து ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் உள்ளே வந்தாள். யெஷாரெக்கும் வந்து உட்கார்ந்தாள். இந்த வேடிக்கையை அவள் விடுவாளா? கூரை தகரம். கட்டில் உண்டு. போன ஏழு நாளில் பருப்பு தின்றது எல்லா நாளும், நோன்புக் காலமாயிற்றே. கோழி எத்தனை என்று கேட்டபோது வுபாலெம் வாசலில் மேய்ந்தவற்றை ஒவ்வொன்றாகக் கைகாட்டி எண்ணினாள். கூடைக்கு அடியில் எதுவும் இல்லையே என்று அந்தச் சேவல் கதையைக் கேள்விப்பட்டிருந்த எமெபெத் கேட்க, மூவரும் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

பிறகு அந்தக் கேள்வி வந்தது. எமெபெத் டேப்லெட்டிலிருந்து படித்தாள், எப்போதும் போலவே, குரலில் எந்த மாற்றமும் இல்லாமல். "இந்த வயலை யார் கவனிக்கிறாங்க? என்ன விதைக்கணும், எப்ப அறுக்கணும்னு முடிவு பண்றது யாரு?"

வுபாலெம் காபி இடித்துக்கொண்டிருந்த உலக்கையைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"வுபாலெம் ஆலெமு. அப்பா பேரையும் சேத்துப் போடு."

எமெபெத் போட்டாள். அவள் கண்கள் பளபளத்ததை யெஷாரெக் பார்த்துவிட்டாள். பிறகு மூவரும் வயலுக்குப் போனார்கள். எமெபெத் புதுக் கயிற்றை எடுத்துக்கொண்டு, எண்ணைப் பார்த்தபடி நடக்கத் தயாரானாள். எங்கே விழப்போகிறதோ, சரிவில் விழுந்தால் பரவாயில்லையா என்று கேட்டாள்.

வுபாலெம் வரப்பின் மேல் நின்று வயலை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பார்த்தாள். முழங்கால் உயரத்துக்குப் பச்சை, கல்மேட்டின் இடுக்கில்கூட.

"எங்க வேணும்னாலும் கட்டு" என்றாள். "எல்லா எடமும் நான் களையெடுத்த எடந்தான்."